வட கரேலியத் திட்டம்

வட கரேலியத் திட்டம் என்பது பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் உள்ள வட கரேலியா மாகாணத்தில் இதய நோய் இறப்புகளைக் குறைப்பதற்காக 1972 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொதுநலத் திட்டம் ஆகும். குருதியில் கொலஸ்ட்ரால் அளவு, குருதி அழுத்தம், புகைப்பழக்கம் ஆகிய மூன்றையும் ஒரு மாகாணத்தின் மக்கள் அனைவரிடமும் ஒருசேரக் குறைப்பதே இதன் வழிமுறையாக இருந்தது. நோயாளிகளைத் தனித்தனியே கண்டறிந்து மருந்து கொடுப்பதைக் காட்டிலும், ஊரின் உணவுப் பழக்கத்தை மாற்றுவதில் இத்திட்டம் கூடுதல் கவனம் செலுத்தியது. 1972 முதல் 1997 வரை 25 ஆண்டுகள் இது நடைபெற்றது. 1969-72 காலப்பகுதிக்கும் 2012 ஆம் ஆண்டுக்கும் இடையில், கிழக்கு பின்லாந்தில் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களிடையே இதயத் தமனி நோய் இறப்பு வீதம் 82 விழுக்காடு குறைந்தது.

பின்னணி

வட கரேலியா, உருசியாவை ஒட்டிய, காடுகளும் ஏரிகளும் நிறைந்த மாகாணம். இதன் தலைநகர் யோயென்சு. திட்டம் தொடங்கிய காலத்தில் இங்கு சுமார் 1,80,000 பேர் வாழ்ந்தனர். பெரும்பாலோர் சிற்றூர்களில் வசித்தனர். காடு வெட்டுதலும் பால் மாடு வளர்ப்புமே முதன்மைத் தொழில்கள். பின்லாந்தின் பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் இது வருவாய் குறைந்த மாகாணமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பின்லாந்தில் பல குடும்பங்களுக்குச் சிறு நிலங்கள் பிரித்தளிக்கப்பட்டன. அந்நிலங்களில் குளிர் மிகுதியால் காய்கறிகள் விளைவது கடினம். புல் நன்கு வளரும். எனவே மாடு வளர்ப்பு பெருகியது. பாலும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் தட்டுப்பாடின்றிக் கிடைத்தன. போர்க்காலப் பஞ்சத்தை அறிந்திருந்த மக்களுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொழுப்பு நீக்காத பாலும் வளமான வாழ்வின் அடையாளங்களாக விளங்கின. காய்கறிகள் மாட்டுத் தீவனமாகவே கருதப்பட்டன. உணவு கெடாதிருக்க உப்பும் மிகுதியாகப் பயன்பட்டது.

1960களில் உலகிலேயே இதயத் தமனி நோயால் ஆண்கள் மிக அதிகமாக இறக்கும் நாடாகப் பின்லாந்து இருந்தது. பின்லாந்துக்குள் வட கரேலியாவின் நிலை மிக மோசமாக இருந்தது. இறந்தவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதுகளில் இருந்த உழைப்பாளிகள். மெலிந்த உடலும் கடும் உடலுழைப்பும் கொண்ட மரம் வெட்டும் தொழிலாளர்களும் மாரடைப்பால் இறந்தமை பலருக்கும் புதிராக இருந்தது.

ஏழு நாடுகள் ஆய்வு

இப்புதிருக்கு விடை காண உதவியது ஏழு நாடுகள் ஆய்வு ஆகும். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸ் தலைமையில் 1958 இல் தொடங்கிய இவ்வாய்வு பின்லாந்து, கிரேக்கம், இத்தாலி, நெதர்லாந்து, யூகோசுலாவியா, சப்பான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 40 முதல் 59 வயது வரையிலான 12,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. பின்லாந்துப் பிரிவை மார்த்தி கார்வோனன் நடத்தினார். வட கரேலியாவின் இலோமன்ட்சி ஊராட்சியும் தென்மேற்கு பின்லாந்தின் சில ஊர்களும் இதில் சேர்க்கப்பட்டன.

ஆய்வுக் குழுக்கள் அனைத்திலும் கிழக்கு பின்லாந்து ஆண்களிடமே இதயத் தமனி நோய் இறப்பு மிகுதியாகக் காணப்பட்டது. கிரேக்கத்தின் கிரீட் தீவில் அது மிகக் குறைவு. கிரீட் தீவினரும் கொழுப்பு குறைவாக உண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் உண்ட கொழுப்பு பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். பின்லாந்தினர் உண்டதோ பால் கொழுப்பு. ஆகவே உண்ணும் கொழுப்பின் அளவோடு அதன் வகையும் கருதத்தக்கது என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

கொலஸ்ட்ராலும் உணவும்

கொலஸ்ட்ரால் உடலுக்குத் தேவையான ஒரு பொருள். உயிரணுக்களின் சவ்வு, பித்த நீர், சில இயக்குநீர்கள் ஆகியவற்றை உருவாக்க இது பயன்படுகிறது. உடலே இதை உற்பத்தி செய்து கொள்கிறது. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால், கொழுப்புப்புரதம் எனப்படும் துகள்களில் ஏற்றப்பட்டே குருதியில் பயணிக்கிறது. இவற்றுள் தாழ் அடர்த்திக் கொழுப்புப்புரதம் (எல்.டி.எல்.) குருதியில் மிகும்போது, அதன் துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கு படிவுகள் உருவாகின்றன. படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து, இதயத்திற்குச் செல்லும் தமனி அடைபடுவதே மாரடைப்பு ஆகும். இவ்வளவும் நிகழும் காலத்தில் பெரும்பாலோருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை.

குருதியிலிருந்து எல்.டி.எல். துகள்களை அகற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் இத்துகள்களைப் பற்றி உள்ளிழுக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்தமை உள்ளிட்ட ஆய்வுகளுக்காக மைக்கேல் பிரவுன், யோசப் கோல்ட்ஸ்டீன் ஆகியோர் 1985 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். வெண்ணெய், பாலேடு, கொழுப்புமிக்க இறைச்சி ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் செயலைக் குறைக்கிறது. அதனால் எல்.டி.எல். குருதியிலேயே தேங்குகிறது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த தாவர எண்ணெய்களை மாற்றாக உண்ணும்போது இவ்வளவு குறைகிறது. உணவில் உள்ள கொலஸ்ட்ராலும் குருதிக் கொலஸ்ட்ராலை ஓரளவு உயர்த்தும். எனினும் பெரும்பாலோரிடம் நிறைவுற்ற கொழுப்பின் தாக்கமே அதைவிடப் பெரிது.

மரபு வழியாகவும் கொலஸ்ட்ரால் உயரக்கூடும். எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் வட கரேலியாவின் பெயராலேயே வழங்கப்படுகிறது. ஆயினும் இத்தகைய மாற்றம் உடையோர் மக்கள்தொகையில் சிறு பகுதியினரே. ஒரு மாகாணத்தின் சராசரி முழுவதும் உயர்ந்து நின்றமைக்கு இது மட்டும் காரணமாக இருக்க இயலாது.

மனுவும் தொடக்கமும்

ஏழு நாடுகள் ஆய்வின் செய்திகள் மாகாண மக்களிடையே கவலையை ஏற்படுத்தின. 1971 சனவரியில் ஆளுநர் எசா திமோனனும் மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பல்வேறு அமைப்புகளின் சார்பாளர்களும் கையொப்பமிட்ட மனு ஒன்று பின்லாந்து அரசிடம் அளிக்கப்பட்டது. இதய நோயைக் குறைக்க அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர்களுடன் கலந்தாலோசித்துத் திட்டம் வகுக்கப்பட்டது. முப்பது வயதைக்கூட எட்டியிராத மருத்துவர் பெக்கா புஸ்கா இதன் தலைவராக அமர்த்தப்பட்டார்.

1972 வசந்த காலத்தில் அடிப்படைக் கணக்கெடுப்பு நடந்தது. ஒப்பீட்டுக்காக அண்டை மாகாணமான குவோப்பியோவிலும் அதே அளவீடுகள் செய்யப்பட்டன. வட கரேலிய ஆண்களின் சராசரிக் குருதிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்குச் சுமார் 267 மில்லிகிராம் எனத் தெரியவந்தது. டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பதே விரும்பத்தக்கது என இன்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆண்களில் 52 விழுக்காட்டினர் புகைப்பவர்களாக இருந்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ரொட்டியில் பெரும்பாலும் வெண்ணெயையே தடவினர். மக்கள் பெற்ற மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்தே கிடைத்தது.

வழிமுறை

கொலஸ்ட்ரால் மிகமிக உயர்ந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சிகிச்சை அளித்தால் போதாது என்பது திட்டக் குழுவினரின் கருத்து. மிக உயர்ந்த அளவுடையோர் சிலரே. அவர்களுக்கு ஆபத்து அதிகம். நடுத்தர அளவுடையோர் பலர். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து சற்றுக் குறைவு. ஆனால் எண்ணிக்கை பெரிது என்பதால், மொத்த மாரடைப்புகளில் பெரும்பகுதி இரண்டாம் குழுவிலிருந்தே வருகிறது. ஆகவே அனைவரின் அளவும் சிறிதளவு குறைந்தாலும் இறப்புகள் பெருமளவு குறையும். இக்கருத்தைப் பின்னாளில் பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985 இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக விளக்கினார்.

அறிவுரை கூறுவதால் மட்டும் பழக்கம் மாறாது என்பதும் விரைவில் உணரப்பட்டது. குறைந்த கொழுப்புள்ள பாலைக் குடிக்கச் சொன்னால் அது கடையில் கிடைக்க வேண்டும். காய்கறி உண்ணச் சொன்னால் அதைச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனவே மருத்துவர்கள், செவிலியர், பள்ளிகள், செய்தித்தாள்கள், உணவு நிறுவனங்கள், கடைகள், பெண்கள் சங்கங்கள் எனப் பல தரப்பினரும் திட்டத்தில் இணைக்கப்பட்டனர். ஊர்மக்கள் மதிக்கும் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் அண்டை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பேச்சுவாக்கில் செய்தியைக் கொண்டு சேர்த்தனர்.

செயற்பாடுகள்

பெண்கள் சங்கங்கள்: 1899 இல் நிறுவப்பட்ட மார்த்தா அமைப்பு பின்லாந்தின் வீட்டுப் பொருளியல் சங்கமாகும். ஊர்தோறும் கிளைகள் கொண்ட இவ்வமைப்பு, மக்களை விருந்துக்கு அழைத்துப் புதிய முறையில் சமைத்த உணவை வழங்கியது. மரபான கரேலிய இறைச்சிக் குழம்பு இறைச்சியும் நீரும் உப்பும் மட்டுமே கொண்டது. அதில் கொழுப்பையும் உப்பையும் குறைத்து, கிழங்கு வகைகளையும் கேரட்டையும் சேர்க்கக் கற்றுத் தந்தனர். பழகிய உணவு பெயரோடு அப்படியே இருந்தது; உள்ளடக்கம் மாறியது.

பால் தொழில்: இதுவே மிகக் கடினமான பகுதியாகும். மாகாணத்தின் பிழைப்பே பால் கொழுப்பைச் சார்ந்திருந்தது. வெண்ணெயைக் குறைக்கச் சொல்வது தங்கள் வாழ்வாதாரத்தைத் தாக்குவதாகப் பண்ணையாளர்கள் கருதினர். பால் துறையினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்; நாளேடுகளில் வெண்ணெய் பற்றிய கடும் விவாதங்கள் நடந்தன. காலப்போக்கில் கொழுப்பு குறைந்த பால், தயிர் வகைகள், தாவர எண்ணெய் கலந்த தடவு கொழுப்புகள் ஆகியவை சந்தைக்கு வந்தன. பாலுக்கு விலை நிர்ணயிக்கையில் கொழுப்பின் அளவுக்குத் தந்த முதன்மை குறைந்து, புரதத்தின் அளவு மதிப்புப் பெற்றது.

ரேப் விதை எண்ணெய்: ஆலிவ், சூரியகாந்தி ஆகியவை பின்லாந்தின் குளிரில் விளைவது அரிது. கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் செடியின் குளிர் தாங்கும் வகைகள் அங்கு பயிரிடப்பட்டன. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த உள்நாட்டு எண்ணெய் இதனால் கிடைத்தது.

பெர்ரித் திட்டம்: 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய இத்துணைத் திட்டம், பால் மாடு வளர்ப்பிலிருந்து பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற விரும்பிய பண்ணையாளர்களுக்கு உதவியது. பெர்ரிகள் அக்குளிரிலும் நன்கு விளைபவை. உறையவைத்து ஆண்டு முழுவதும் விற்பதற்கும் ஏற்றவை. மக்களின் உடல்நலமும் பண்ணையாளரின் வருவாயும் எதிரெதிராக நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

காபி: பின்லாந்து மக்கள் காபியை மிகுதியாகக் குடிப்பவர்கள். முன்னர் காபித் தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டாமல் குடித்தனர். இவ்வாறு தயாரிக்கும் காபியில் உள்ள காஃபெஸ்டால் என்னும் பொருள் குருதிக் கொலஸ்ட்ராலை உயர்த்தக்கூடியது. தாள் வடிகட்டி இப்பொருளைத் தடுத்துவிடுகிறது. வடிகட்டிய காபிக்கு மக்கள் மாறியதும் கொலஸ்ட்ரால் குறைந்தமைக்கு ஒரு சிறு காரணமாகக் கருதப்படுகிறது.

போட்டிகளும் ஊடகங்களும்: எந்த ஊர் தன் சராசரிக் கொலஸ்ட்ராலை அதிகமாகக் குறைக்கிறது என ஊர்களுக்கிடையே போட்டிகள் நடத்தப்பட்டன. புகைப்பதை விட விரும்புவோருக்கான தொடர் நிகழ்ச்சிகள் 1970களின் இறுதியிலிருந்து நாட்டின் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 1976 இல் பின்லாந்து புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது.

நாடு முழுவதும் விரிவாக்கம்

முதல் ஐந்தாண்டுக் காலம் முடிந்த 1977 ஆம் ஆண்டுக்குப் பின் இத்திட்டத்தின் பட்டறிவு பின்லாந்து முழுவதற்கும் கொண்டு செல்லப்பட்டது. வட கரேலியா ஒரு முன்மாதிரிப் பகுதியாகத் தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்பட்ட கணக்கெடுப்புகள் திட்டம் முடிந்த பின்னரும் தொடர்ந்தன.

முடிவுகள்

வட கரேலிய ஆண்களிடம் 1972 க்கும் 2007 க்கும் இடையே காணப்பட்ட மாற்றங்கள் வருமாறு:

- சராசரிக் குருதிக் கொலஸ்ட்ரால்: லிட்டருக்கு 6.9 மில்லிமோலிலிருந்து 5.4 மில்லிமோல் (டெசிலிட்டருக்குச் சுமார் 209 மில்லிகிராம்)
- சராசரிக் குருதி அழுத்தம்: 149/92 இலிருந்து 138/83
- புகைப்போர்: 52 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடு

ரொட்டியில் பெரும்பாலும் வெண்ணெய் தடவுவோர் 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தனர்.

கிழக்கு பின்லாந்தில் 35-64 வயது ஆண்களின் இதயத் தமனி நோய் இறப்பு, 1969-72 இல் ஒரு லட்சம் பேருக்கு 643 ஆக இருந்தது, 2012 இல் 118 ஆகக் குறைந்தது. பெண்களிடையே 114 இலிருந்து 17 ஆகக் குறைந்தது; இது 84 விழுக்காட்டுக் குறைவாகும். 2016 இல் வெளியான ஆய்வின்படி, முதல் பத்தாண்டுகளில் ஏற்பட்ட இறப்புக் குறைவு ஏறத்தாழ முழுவதையும் மேற்கூறிய மூன்று காரணிகளின் மாற்றமே விளக்கிவிடுகிறது. இறுதிப் பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவை விளக்குகின்றன. எஞ்சிய ஒரு பங்கு பிற காரணிகளால் நிகழ்ந்தது. மேம்பட்ட சிகிச்சை முறைகள் இதில் அடங்கக்கூடும்.

மருந்துகளின் பங்கு

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவதான லோவாஸ்டாட்டின் 1987 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதய நோயாளிகளின் இறப்பை ஸ்டாட்டின் குறைக்கும் என்பது 1994 இல் வெளியான ஒரு பெரும் ஆய்வில் உறுதியாயிற்று. பின்லாந்து உள்ளிட்ட ஐந்து வட ஐரோப்பிய நாடுகளில் 4,444 நோயாளிகளிடம் அது நடத்தப்பட்டது. வட கரேலியாவில் கொலஸ்ட்ராலும் இறப்பும் குறையத் தொடங்கியது இவற்றுக்கெல்லாம் முன்னரே ஆகும். எனவே தொடக்கக்கால மாற்றத்திற்கு இம்மருந்துகள் காரணமாக இருந்திருக்க முடியாது. அதேவேளை, ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் மரபுவழியாக மிக உயர்ந்த கொலஸ்ட்ரால் உடையவர்களுக்கும் உணவு மாற்றம் மட்டும் போதுமானதன்று. அவர்களுக்கு மருந்தின் தேவை குறித்து ஐயமில்லை.

விமர்சனங்கள்

ஒப்பீட்டு மாகாணமான குவோப்பியோவிலும், பின்னர் பின்லாந்து முழுவதிலும் இதய நோய் இறப்புகள் குறைந்தன. ஆகவே வட கரேலியாவில் நிகழ்ந்த குறைவில் எவ்வளவு பங்கு திட்டத்தால் ஏற்பட்டது, எவ்வளவு பங்கு நாடெங்கும் எப்படியும் ஏற்பட்டிருக்கும் என்பதைத் துல்லியமாகப் பிரித்தறிய இயலாது எனச் சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இரண்டு மாகாணங்களை மட்டும் ஒப்பிட்டதும், மாகாணம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படாததும் ஆய்வு நோக்கில் குறைகளாகும். அண்டை மாகாணத்திலும் அதே செய்தித்தாள்களும் கடைகளும் இருந்தமையால், செய்தி அங்கும் பரவியதைத் தடுக்க இயலவில்லை என்பது திட்டக் குழுவினரின் விளக்கம். மூன்று காரணிகளும் ஒரே காலத்தில் மாறியதால், உணவு மாற்றத்தின் பங்கை மட்டும் தனியே அளப்பதும் எளிதன்று.

எல்லா அளவீடுகளும் நல்ல திசையில் செல்லவும் இல்லை. ஆண்களிடம் புகைப்பழக்கம் குறைந்தபோது பெண்களிடம் அது 10 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. உடல் பருமனும் கூடியது.

பிற்காலப் போக்கு

2007 க்கும் 2012 க்கும் இடையில் பின்லாந்தில் சராசரிக் குருதிக் கொலஸ்ட்ரால், பல பத்தாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, சிறிது உயர்ந்தது. அக்காலத்தில் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறைகள் அங்கு பரவலாகப் பேசப்பட்டன. வெண்ணெயின் பயன்பாடும் கூடியது. நாற்பது ஆண்டுகளில் பெற்ற பயன் தானாகவே நிலைத்திருக்காது என்பதற்கு இதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகின்றனர்.

தாக்கம்

தொற்றா நோய்களைச் சமூக அளவில் தடுக்க முடியும் என்பதற்கான முன்னோடி எடுத்துக்காட்டாக வட கரேலியத் திட்டம் கருதப்படுகிறது. பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களுக்கு இது வழிகாட்டியாக அமைந்தது. பெக்கா புஸ்கா 2000களின் தொடக்கத்தில் உலக சுகாதார அமைப்பின் தொற்றா நோய்த் தடுப்புப் பிரிவின் இயக்குநராகப் பணியாற்றினார்.

ரேப் விதை எண்ணெயும் பெர்ரியும் பின்லாந்தின் மண்ணுக்கு ஏற்ற விடைகள். அவற்றை அப்படியே வேறொரு நாட்டில் நட இயலாது. அந்தந்த மண்ணில் விளைவதையும் அந்தந்த மக்கள் விரும்பி உண்பதையும் அடிப்படையாகக் கொண்டு, நல்ல உணவை எளிதில் கிடைக்கும் உணவாக ஆக்கியதே இத்திட்டத்திலிருந்து பிறர் எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதியாகும்.

இவற்றையும் பார்க்க

- கொலஸ்ட்ரால்
- மாரடைப்பு
- நிறைவுற்ற கொழுப்பு
- உயர் குருதி அழுத்தம்
- ஏழு நாடுகள் ஆய்வு
- பின்லாந்து